அலமாரியில் கிடக்கும் படங்களைப் பார்த்து முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சேர்ந்து கிடந்த 340 டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்து இது ஐந்தாவது வருடம். பாதி நானே வாங்கியவை. மீதி, பெரியப்பா வீடு மாறும்போது "உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போன இரண்டு பெட்டிகள். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராக இருந்தாலும் அதே இருபத்து மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில் வரும்.

நூற்றுக்கணக்கில் படம் கிடக்குது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

எண்ணுவதிலிருந்து. எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு பட்டியல் போடுங்கள். படத்தின் பெயர், வெளிவந்த வருடம், இயக்குநர், விசிடியா டிவிடியா புளூ-ரேயா, பார்த்ததா பார்க்காததா, ஓடும் நேரம். இவ்வளவு போதும். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் என்று இழுத்தால் பட்டியல் போடுவதே ஒரு தனி வேலையாகி, படம் பார்ப்பது நின்றுவிடும். எனக்கு நின்றது.

இதில் அதிகம் கைகொடுப்பது ஓடும் நேரம்தான். ராத்திரி ஒன்பதரை மணிக்கு அலமாரி முன்னால் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது, பத்தே முக்காலுக்குள் முடிகிற படம் எது என்பதுதானே. பட்டியல் போட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. பதினொரு படங்களை இரண்டு முறை வாங்கியிருந்தேன், ஒன்றை மூன்று முறை.

இதுக்கு ஆப் போடணுமா, நோட்டே போதுமா?

நூறு டிஸ்க்குக்குள் என்றால் நோட்டு போதும். அதற்கு மேல் போனால் கணினியில் ஒரு அட்டவணை. வருடவாரியாக, நேரவாரியாக மாற்றி அடுக்கிப் பார்க்க அதுதான் வசதி. அட்டையில் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்து விவரங்களைத் தானே நிரப்பும் ஆப்களும் உண்டு. ஆனால் பழைய விசிடிகள் பலவற்றை அவை அடையாளம் காண்பதில்லை. கையால்தான் போட வேண்டியிருக்கும்.

அகர வரிசையில் பார்க்கலாமா, வருட வரிசையில் பார்க்கலாமா?

இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். வருட வரிசை கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஊமைப்படக் காலத்திலேயே மூன்று மாதம் சிக்கிக்கொண்டு, 1930-ஐத் தொடுவதற்குள் ஆர்வம் வற்றிவிட்டது. அகர வரிசை அதைவிட மோசம். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே எழுத்தைத் தவிர ஓர் ஒட்டும் இருக்காது.

எனக்கு வேலை செய்தது, ஒரு படத்தின் வாலைப் பிடித்து அடுத்த படத்துக்குப் போவது. நான் தொடங்கிய இழை இது. விட்டோரியோ டி சிகா இயக்கிய ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948) இத்தாலியில் தெருவிலேயே எடுக்கப்பட்டது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. அதை 1950-இல் லண்டனில் பார்த்த சத்யஜித் ராய், தானும் இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஐந்து வருடம் கழித்து ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. அதற்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா, அதற்கு முன் சினிமா கேமராவையே இயக்கியதில்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால், முதல் படத்தில் தெருவில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நடக்கும் நடை, இரண்டாவது படத்தில் மிட்டாய்க்காரருக்குப் பின்னால் அக்காவும் தம்பியும் ஓடும் ஓட்டத்தில் எதிரொலிப்பது போல இருக்கும். தனித்தனியாகப் பார்த்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது.

இழை எதுவாகவும் இருக்கலாம். அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும். அதைப் பார்த்த கையோடு எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) போடலாம். ஒரு கொலை, ஆளுக்கொரு கோணம், சிவாஜி கணேசன், ஒரு பாட்டுகூடக் கிடையாது. இல்லை, ரஷோமோனின் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவாவின் வாலைப் பிடித்தால் மிசோகுச்சியின் ‘உகெட்சு’ (1953) வரும். புத்தகம் படிப்பவர்கள் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை முடித்துவிட்டு, மகேந்திரன் அதை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்று ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தில் பார்க்கலாம்.

பழைய படம் போட்டா அரை மணி நேரத்துல தூக்கம் வருது. எனக்கு ரசனை இல்லையா?

ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் படங்கள் இருட்டு அரங்கில், பெரிய திரையில், எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எடுத்தவை. நாம் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் போனோடு பார்க்கிறோம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, தேர்வில் இருக்கிறது. எடுத்த எடுப்பில் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) போடாதீர்கள். அருமையான படம். ஆனால் கேமரா தரையை ஒட்டி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதே அபூர்வம். அந்த நிதானத்துக்குக் கண் பழக நாளாகும். நீளமான படத்தை ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும் என்றும் இல்லை. ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடம். அதற்கு நடுவில் இடைவேளை விட்டிருப்பவர் இயக்குநரேதான். அங்கே நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கறுப்பு வெள்ளைப் படமே பார்க்காத ஒருத்தருக்கு முதல்ல எதைக் காட்டலாம்?

நான் காட்டித் தோற்காத படம் சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957). 96 நிமிடம், ஏறத்தாழ முழுப் படமும் ஒரே அறையில். பன்னிரண்டு பேர் ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறார்கள். நேரம் போகப் போக அறை சுருங்குவது போல இருக்கும். லூமெட் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, லென்ஸையும் நீளமானதாக மாற்றிக்கொண்டே போனார். சுவர்கள் நெருங்கி வருவது போலவும், கடைசியில் கூரை தலைமேல் தொங்குவது போலவும் தோன்றும். முதல் தடவை பார்ப்பவருக்கு இதைச் சொல்லாதீர்கள். பார்த்து முடித்த பிறகு சொன்னால், உடனே மறுபடி போடச் சொல்வார்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926). அதில் பாலத்தோடு ஆற்றில் விழுவது நிஜ ரயில் எஞ்சின்.

ஊமைப்படத்துல எல்லாரும் குடுகுடுன்னு ஓடுறாங்களே, அப்படித்தான் எடுத்தாங்களா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 ஃபிரேம் (சுருளில் இருக்கும் தனித்தனிப் படங்கள்) முதல் 24 ஃபிரேம் வரை, படத்துக்குப் படம் வேகம் மாறும். பேசும் படம் வந்ததும் ஒலிக்காக 24 என்று நிலைத்தது. 16 அல்லது 18-இல் எடுத்ததை அப்படியே 24-இல் ஓட்டினால் ஆட்கள் குதிக்கத்தான் செய்வார்கள். நல்ல பதிப்புகளில் இதைச் சரிசெய்திருப்பார்கள். நகைச்சுவைப் படங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வேகத்தைக் கூட்டியதும் உண்டு. அதைச் சரிசெய்யக் கூடாது.

டிவியில ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருது. ரிமோட்ல ஜூம் போட்டா தப்பா?

போடாதீர்கள். அந்தப் பட்டைகள் இருந்தால்தான் படம் முழுதாக வருகிறது என்று அர்த்தம். 1932-இலிருந்து அமெரிக்க ஸ்டூடியோக்கள் கடைப்பிடித்த திரை அளவு 1.37-க்கு 1, அதாவது கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய டிவி 1.78-க்கு 1. ஜூம் போட்டால் மேலும் கீழுமாகப் படத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடும். இழுத்து நிரப்பும் வசதியை அமுக்கினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

மேலும் கீழும் பட்டை வருவது இதன் தலைகீழ். டிவி வந்து அரங்குகளின் கூட்டம் குறைந்தபோது, வீட்டில் கிடைக்காததைக் காட்டுகிறோம் என்று 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரையை இறக்கினார்கள். அந்த அகலத்தைப் பழைய சதுர டிவிக்காக வெட்டிய டிஸ்க்குகள் நிறைய உண்டு. 2.35 அகலப் படம் அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். இரண்டு பேர் பேசுகிற காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரிந்தால் அந்த ரகம்தான். உங்கள் பட்டியலில் அதன் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டிவி செட்டிங்ல வேற ஏதாவது மாத்தணுமா?

ஒன்றே ஒன்று. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று டிவியோடு வரும். கம்பெனிக்கு ஒரு பெயர். அதை அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவில் டிவி தானாகக் கற்பனை ஃபிரேம்களைச் செருகுகிறது. பெரிய காவியமும் சீரியல் படப்பிடிப்பு போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். புதிய டிவிகளில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று இருந்தால் அதை வைத்தால் போதும்.

அதே படம் ஓடிடியில இருக்கே. டிஸ்க்கை எதுக்கு வச்சுக்கணும்?

இன்று இருக்கிறது. உரிமம் முடிந்தால் அடுத்த மாதம் இருக்காது. நான் மூன்று முறை இப்படி ஏமாந்திருக்கிறேன், அதில் ஒருமுறை படத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன். பழைய படங்களாக இருந்தால் எந்தப் பதிப்பைக் கொடுக்கிறார்கள் என்பதும் நம் கையில் இல்லை. திரை அளவை மாற்றிய பிரிண்டாக இருக்கலாம், வெட்டியதாக இருக்கலாம்.

இன்னொரு காரணம், டிஸ்க்கில் கூடவே வரும் சமாச்சாரங்கள். படம் ஓட ஓட ஒருவர் பின்னணியில் விளக்கிக்கொண்டே வரும் ஒலித்தடம் 1984-இல் டிவிடிக்கு முந்தைய வடிவமான லேசர் டிஸ்க்கில், ‘கிங் காங்’ (1933) படத்துக்குத்தான் முதலில் வந்தது. என் சினிமாப் படிப்பில் பாதி, டிவிடிகளில் வந்த இந்தத் தடங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

விசிடி, டிவிடி, புளூ-ரே எல்லாம் கலந்து கிடக்குது. வித்தியாசம் நிஜமாவே தெரியுமா?

தெரியும். விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720-க்கு 576. எண்ணிக்கையில் நாலு மடங்கு. புளூ-ரேயில் 1920-க்கு 1080. அது டிவிடியைப் போல ஐந்து மடங்கு. சின்னத் திரையில் டிவிடி இன்றைக்கும் குறையில்லை. விசிடியைப் பெரிய டிவியில் போட்டால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் விசிடியில் மட்டுமே வந்து, அதற்குப் பிறகு எதிலுமே வராத படங்கள் இருக்கின்றன. கட்டமாகத் தெரிகிறது என்று அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிஸ்க் சிக்கிச் சிக்கி ஓடுது. துடைச்சா சரியாகுமா?

அழுக்கு என்றால் சரியாகும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில்தான் இருக்கிறது, அதே போக்கில் கீறல் விழுந்தால் பிளேயரால் தாண்ட முடியாது. குறுக்கே விழும் கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். பற்பசை வைத்தியம் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: விசிடியில் ஆபத்தான பக்கம், படம் அச்சடித்த மேல்பக்கம். தகவல் அடுக்கு அந்த அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதினால் கதை முடிந்தது. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. வைப்பதென்றால் எதையும் செங்குத்தாக, வெயில் படாமல் வையுங்கள்.

வெளிநாட்டுல வாங்கின டிஸ்க் ஓடவே மாட்டேங்குது. கெட்டுப் போச்சா?

கெட்டிருக்காது. டிவிடிக்காக உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்தார்கள். ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. புளூ-ரேயில் ஏ, பி, சி என்று மூன்று. 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லையே கிடையாது. அட்டையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் எண் இருக்கும், அதைப் பாருங்கள். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர்கள் உண்டு. கணினி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம்தான், ஆனால் வழக்கமாக ஐந்து தடவைதான் விடும். கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

புத்தகத்துல 100 நிமிஷம்னு இருக்கு, என் டிவிடி 96 நிமிஷத்துல முடியுது. வெட்டிட்டாங்களா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் தடவை இதைக் கவனித்தபோது காணாமல் போன காட்சியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

எதையும் வெட்டவில்லை. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடும் டிவி விநாடிக்கு 25. ஒரு ஃபிரேம் வித்தியாசத்துக்கு அதிகம் மெனக்கெடாமல், படத்தையே 25-இல் ஓட்டிப் பதிவு செய்தார்கள். நாலு சதவீத வேகம் கூடுகிறது. 100 நிமிடம் சரியாக 96 ஆகிறது. கண்ணுக்குத் தெரியாது. சுதி மட்டும் கொஞ்சம் ஏறும். பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் "குரல் என்னமோ மாதிரி இருக்கே" என்பார்கள், அது நிஜம். புளூ-ரே பொதுவாக 24-லேயே ஓடுவதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. வித்தியாசம் நாலு சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெட்டு என்று சந்தேகப்படலாம்.

‘ரெஸ்டோர்டு’ன்னு போட்டிருக்கு, ஆனா படம் முழுக்க மணல் தூவின மாதிரி இருக்கே?

அந்த மணல்தான் ஃபிலிம். சுருளில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்களால்தான் படமே உருவாகிறது. அது தெரிவது நல்ல அறிகுறி. மணலைத் துடைக்கிறேன் என்று மென்பொருளை ஓட்டினால் முகத்திலிருக்கும் சுருக்கமும் சேர்ந்து போய், எல்லோரும் மெழுகு பொம்மை ஆகிவிடுவார்கள். ‘ரெஸ்டோர்டு’ (புதுப்பித்தது) என்ற சொல்லை அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. எதிலிருந்து, யார், எந்த வருடம் புதுப்பித்தார்கள் என்று எழுதியிருந்தால் நம்பலாம்.

மேலே சொன்ன ‘பதேர் பாஞ்சாலி’யையும் அதன் அடுத்த இரண்டு பாகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நடந்த தீ விபத்தில் அவற்றின் நெகட்டிவ்கள் கருகின. கருகியதை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். இருபது வருடம் கழித்து, இத்தாலியின் போலோன்யா நகரத்துப் பட்டறை ஒன்றில் அந்தச் சுருள்களை ஊறவைத்து, பிரித்து, கையால் ஒட்டி, தேறிய பகுதிகளை ஸ்கேன் செய்தார்கள். தேறாத இடங்களுக்கு வேறு பிரிண்ட்களிலிருந்து எடுத்தார்கள். 2015-இல் மூன்று படங்களும் மறுபடி வெளிவந்தன. என் பழைய டிவிடியையும் இந்தப் பதிப்பையும் ஒரே ராத்திரியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பழையதில் வெறும் சாம்பல் நிறமாக இருந்த இடத்தில் புல் இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்தோட கலர் பதிப்பு கிடைக்குது. அதையே பாக்கலாமா?

முதல் தடவை வேண்டாம். கறுப்பு வெள்ளைக்காக விளக்கு வைப்பது வேறு விதம். எங்கே நிழல் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மேலே வண்ணம் பூசினால் அந்தக் கணக்கு குழம்புகிறது. ‘முகல்-ஏ-ஆசம்’ (1960) இதற்கு நல்ல உதாரணம். பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் போய்க்கொண்டிருக்க, ‘பியார் கியா தோ டர்னா கியா’ பாட்டு வரும்போது திடீரென்று வண்ணம் வரும், கண்ணாடி மாளிகை முழுக்க மின்னும். 2004-இல் முழுப் படத்தையும் கலராக்கினார்கள். நேர்த்தியாகத்தான் செய்தார்கள். ஆனால் முதல் காட்சியிலிருந்தே வண்ணம் இருந்தால் அந்தத் திடீர் எங்கே வரும்?

கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போகிற ஒருவரை உட்காரவைக்க வேண்டும் என்றால், சரி, கலரிலேயே போடுங்கள்.

ஒரே படத்துக்கு மூணு பதிப்பு இருக்கு. எது உண்மையான படம்?

சில நேரம் இதற்குப் பதில் உண்டு, சில நேரம் இல்லை. ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தை ஸ்டூடியோ அவரைக் கேட்காமல் மாற்றி வெட்டியது. கொதித்துப்போன வெல்ஸ், என்ன என்ன மாற்ற வேண்டும் என்று 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1998-இல், வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்துப் படத்தைத் திரும்பத் தொகுத்தார். இது வெல்ஸின் படமா, மர்ச் ஊகித்த வெல்ஸின் படமா? நான் 1998 பதிப்பைத்தான் காட்டுவேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ (1927) வேறு வகை. வெளியான வேகத்திலேயே நிறைய வெட்டப்பட்டு, வெட்டியதெல்லாம் போய்விட்டது என்றே எண்பது வருடம் நினைத்திருந்தார்கள். 2008-இல் புவெனோஸ் ஐரெஸ் நகரத்து சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு கீறல் விழுந்த நகல் கிடைத்தது. 2010-இல் சுமார் 25 நிமிடக் காட்சிகள் திரும்பச் சேர்ந்தன. உங்கள் டிஸ்க் அதற்கு முந்தையது என்றால், நீங்கள் பார்த்தது குறைப் படம். பொதுவாக நான் செய்வது: முதலில் அரங்கில் வெளியான பதிப்பு, பிடித்திருந்தால் மற்றவை.

ஒரு படத்தைப் பத்தி எங்கெங்கேயோ எழுதியிருக்காங்க. ஆனா எதிலயும் கிடைக்கலையே, எங்கே போச்சு?

அநேகமாக அழிந்துபோயிருக்கும். 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. எளிதில் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் மக்கிப்போகும். ஓட்டி முடித்த பிரிண்ட்டை வைத்திருப்பதால் லாபம் என்ன என்று வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே எடுத்த கிட்டத்தட்ட 11,000 ஊமைப்படங்களில் மூல வடிவில் எஞ்சியவை 14 சதவீதம். நம் பக்கமும் அதே கதைதான். தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ (1931) இல்லை.

எப்போதாவது அதிர்ஷ்டமும் அடிக்கும். டிரையரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) நெகட்டிவ் தீயில் போனது. 1981-இல் அதன் முழுமையான பிரதி ஒன்று ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் கிடைத்தது. பெரியப்பாவின் பெட்டிகளை நான் அடிவரை கொட்டிப் பார்த்ததற்கு இந்தச் செய்தியும் ஒரு காரணம். எனக்குக் கிடைத்தது மூன்று காலி உறைகள்.

உலகமே கொண்டாடுற படம் எனக்குப் பிடிக்கலை. திரும்பப் பாக்கணுமா?

கட்டாயமில்லை. கொண்டாடுபவர்களே மனசை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952-இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. முதல் தடவை ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலிடம். ‘சிட்டிசன் கேன்’ முதல் பத்திலேயே இல்லை. அடுத்த ஐந்து தடவையும் ‘சிட்டிசன் கேன்’தான் முதல். 2012-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதைத் தள்ளியது. 2022-இல் ஷாந்தால் அக்கர்மானின் ‘ஜான் டீல்மான்’ வந்து அதையும் தள்ளியது.

நான் பிடிக்காத படத்துக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதி வைப்பேன். ‘வெர்டிகோ’வுக்கு எதிரே "இந்த ஆளுக்கு என்னதான் பிரச்சினை?" என்று எழுதியிருந்தேன். மூன்று வருடம் கழித்து அந்த வரிதான் என்னை மறுபடி போட வைத்தது. படமே அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

சில பழைய படங்கள்ல நிறத்தைப் பத்தியும் பெண்களைப் பத்தியும் வர்றது கூசுது. ஒதுக்கிடலாமா?

ஒதுக்கலாம், உங்கள் வீடு, உங்கள் மாலைப்பொழுது. நான் ஒதுக்குவதில்லை. ஆனால் தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதும் இல்லை. கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) படத்தொகுப்புக்காக இன்றும் பாடத்தில் வருகிறது. அதே படம் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை வீரர்களாகக் காட்டியது. அந்த அமைப்பு மறுபடி உயிர்பெற அதுவும் ஒரு காரணம். நேர்த்தியாக எடுத்ததால்தான் அவ்வளவு கேடு செய்தது. பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முன்னாலேயே ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள்.

ஒரு பெட்டி வீடியோ காசெட் இருக்கு. அதை என்ன செய்யிறது?

முதலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று காசெட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள்; பிளேயரில் டேப்பைப் படிக்கும் தலையும் போய், அடுத்துப் போடும் காசெட்டுக்கும் தொற்றும். கல்யாணம், பிறந்த நாள் என்று வீட்டில் எடுத்தவை எதுவோ அவற்றை முதலில் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள், உலகத்தில் வேறு பிரதி கிடையாது. கடைசிவரை பிளேயர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாய், 2016-இல் நிறுத்திவிட்டது. இருக்கிற பிளேயர்கள் கெட்டுக்கொண்டே வருகின்றன.

எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு டிஸ்க்கை யாருக்காவது குடுத்துடலாமா?

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை நகலெடுப்பது சில நாடுகளில் செல்லும், சில நாடுகளில் குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகலை வைத்துக்கொண்டு மூலத்தைக் கைமாற்றுவது எங்கேயும் நல்ல பேர் வாங்காது. ஹார்ட் டிஸ்க் எழுப்பும் ஒரு ‘டிக்’ சத்தத்தில் எல்லாம் போய்விடக்கூடும் என்பதையும் யோசியுங்கள். வீட்டில் பதிவு செய்த டிஸ்க்குகளுக்கு மட்டும் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். அவற்றில் தகவல் ஒரு சாயத்தின் மேல்தான் பதிந்திருக்கிறது. தொழிற்சாலையில் அச்சிட்ட டிஸ்க் அளவுக்கு அது தாங்காது.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முன்னே பெருக்கல் குறி போடச் சொன்னேனே, அவற்றில் தொடங்குங்கள். நல்ல பதிப்பு கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நூறு படம் பாக்காம இருக்கு. புதுசா வாங்கலாமா?

மூன்று பார்த்தால் ஒன்று வாங்கலாம் என்பது என் சட்டம். இந்த வருடம் இதுவரை நாலு முறை மீறியிருக்கிறேன்.

ஏற்கனவே பாத்த படத்தைத் திரும்பப் பாத்தா கணக்குல சேருமா?

என் அட்டவணையில் அதற்குத் தனியாக ஒரு பத்தி உண்டு. பார்க்காத படங்கள் 61 பாக்கி. ‘12 ஆங்ரி மென்’ எதிரே 9 என்று இருக்கிறது. போன வாரம் அது 8.